கொல்கத்தா அரட்டையில் இடம்பிடிப்பது எப்படி: புதிதாகப் போகும் தமிழருக்கு ஒரு கால்பந்து வழிகாட்டி

வேலை மாற்றலாகியோ படிக்கவோ கொல்கத்தா போகிறவர்களுக்கு வீடு பார்ப்பது, இட்லி மாவு வாங்குவது பற்றிச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். லேக் மார்க்கெட் பக்கம் போனால் முருங்கைக்காய் வரை கிடைக்கும், அது ஒரு பிரச்சினையே இல்லை. பிரச்சினை சாயங்காலம்தான். ஆபீஸ் முடிந்ததும் டீக்கடை பெஞ்சிலும் தெருமுனை கிளப் வாசலிலும் பழைய வீட்டுத் திண்ணைகளிலும் நாலைந்து பேர் கூடிவிடுவார்கள். அட்டா என்பார்கள். பேச்சு கால்பந்தில் ஆரம்பிக்கும். பத்து நிமிஷத்தில் பாட்டுக்குப் போகும். அங்கிருந்து எந்த முதலாளி எந்த கிளப்பை வாங்கினார் என்று திரும்பும். கடைசியில் அரசியலில் போய் நிற்கும், அப்புறம் மறுபடியும் கால்பந்து. பாஷையும் அரைகுறை, ஆட்களும் புதுசு என்கிற நிலையில் அங்கே போய் உட்காருவது எப்படி?

ஒரு சௌகரியம் இருக்கிறது. அந்த ஊரில் பாட்டு, பணம், அரசியல் மூன்றும் கிளப் வழியாகத்தான் பேச்சுக்குள் வரும். கிளப்பைப் பிடித்துக்கொண்டால் மற்றதையும் பின்தொடர முடியும்.

போகும் முன்: மூன்று கிளப், ஒரு குடும்பக் கதை

மோகன் பகான் 1889-இல் தொடங்கியது. பச்சையும் மெரூனும் அதன் நிறம், பாய்மரப் படகு சின்னம். 1911 ஜூலை 29 அன்று ஐஎஃப்ஏ ஷீல்டு இறுதிப் போட்டியில் ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்ட் என்ற வெள்ளைக்கார ராணுவ அணியை 2-1 என்று தோற்கடித்தார்கள். பதினொரு பேரில் பூட்ஸ் போட்டிருந்தவர் ஒருவர்தான், மற்ற பத்துப் பேரும் வெறுங்கால். இன்றைக்கும் ஜூலை 29-ஐ மோகன் பகான் நாள் என்று கொண்டாடுகிறார்கள்.

ஈஸ்ட் பெங்கால் 1920-இல் பிறந்தது. சிவப்பும் பொன்மஞ்சளும் நிறம், தீப்பந்தம் சின்னம். கிழக்கு வங்கத்துக்காரர் ஒருவரை ஒரு போட்டியில் உட்கார வைத்துவிட்டார்கள் என்ற கோபத்தில், அந்தப் பக்கத்து ஆட்கள் சேர்ந்து தனியாக ஆரம்பித்த கிளப் இது. 1947-இல் நாடு பிரிந்து, எல்லை தாண்டி லட்சக்கணக்கானோர் கொல்கத்தா வந்து இறங்கியபோது, வீடும் நிலமும் போனவர்களுக்கு ஊர்ப்பெயர் மிச்சமிருந்த இடம் இந்த கிளப்தான். பாங்கால் என்றால் அப்படி கிழக்கிலிருந்து வந்தவர். கொட்டி என்றால் பரம்பரையாக மேற்கு வங்கத்துக்காரர். முன்னவருக்கு ஈஸ்ட் பெங்கால், இலிஷ் மீன். பின்னவருக்கு மோகன் பகான், இறால். இந்த வாய்ப்பாடு இப்போது ரொம்பவே கலங்கிப் போயிருக்கிறது. கலப்புக் கல்யாணங்கள் எத்தனையோ. ஆனாலும் டெர்பியில், அதாவது இந்த இரண்டு கிளப்பும் மோதும் ஆட்டத்தில், ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் வெற்றி வீட்டுக்கு இலிஷாகத்தான் போகும்.

மூன்றாவது முகமதன் ஸ்போர்ட்டிங். கறுப்பு வெள்ளை. 1934-இல் கல்கத்தா லீக்கை ஜெயித்த முதல் இந்திய கிளப் இவர்கள்தான், அதிலிருந்து 1938 வரை தொடர்ந்து ஐந்து முறை. புதிதாக வருகிறவர்கள் இவர்களை மறந்துவிடுகிறார்கள். நீங்கள் மறக்காமல் இருந்தால் பெஞ்சில் யாராவது ஒருவர் நிமிர்ந்து பார்ப்பார்.

உட்காரும் இடமும் கூப்பிடும் முறையும்

ஒரே டீக்கடைக்கு, ஒரே நேரத்துக்குப் போங்கள். கடை மாற்றிக்கொண்டே இருந்தால் யாருக்கும் உங்கள் முகம் பதியாது. மண் கப்பில் டீ வாங்கிக்கொண்டு பெஞ்சின் ஓரத்தில் உட்காருங்கள். முதல் சில நாட்கள் கேட்பது மட்டும்தான் வேலை. வங்காளம் புரியாவிட்டாலும் ஆட்டக்காரர்களின் பெயர்கள் காதில் விழும், அது போதும்.

உங்களைவிட மூத்தவர் என்றால் பெயரோடு 'தா' சேர்க்க வேண்டும், அண்ணன் என்று பொருள்படும் 'தாதா'வின் சுருக்கம் அது: சுப்ரதா-தா, தபன்-தா என்று. அப்பா வயசுக்காரர் என்றால் 'காகு'. கடைக்காரரும் தாதாதான், அவரை மறந்துவிடாதீர்கள். சண்டை முற்றினால் தீர்ப்பு சொல்வது அவர். மூத்தவரிடம் 'ஆப்னி' என்று மரியாதைப் பன்மையில் பேசுங்கள். தப்புத் தப்பாக நாலு வார்த்தை வங்காளம் பேசினாலும் சந்தோஷப்படுவார்கள், திருத்தவும் செய்வார்கள், அந்தத் திருத்தலிலேயே பழக்கம் வந்துவிடும்.

பெயர் கேட்ட அடுத்த நிமிஷம் கேள்வி வரும். "எந்தக் கட்சி?" என்று கேட்கிற தொனியில் "எந்த டீம்?" என்பார்கள்.

ஒரு பக்கம் சாயுங்கள்

இங்கேதான் நம் ஆட்கள் சறுக்குகிறார்கள். "எனக்கு ரெண்டுமே பிடிக்கும் தாதா" என்பது மிக மோசமான பதில். மரியாதையாக ஒரு டீ வாங்கித் தருவார்கள், அதோடு உங்களிடம் பேச ஒன்றும் இருக்காது. நடுநிலை என்பது அந்த பெஞ்சில் நாற்காலி இல்லாத பதவி. "இன்னும் முடிவு பண்ணலை, நீங்கள் சொல்லுங்கள், யாரைப் பிடிக்கலாம்?" என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு பக்கமும் உங்களை இழுக்க ஆரம்பிக்கும். ஒரு மணி நேரம் ஓடிவிடும், அதற்குள் நூறு வருஷ வரலாறும் கிடைத்துவிடும். இந்தச் சலுகை ஒரு சீசனுக்குத்தான். அதற்குள் முடிவெடுத்துவிடுங்கள், எடுத்தபின் மாறாதீர்கள்.

எதை வைத்து முடிவெடுப்பது? குடியிருக்கும் பகுதி ஒரு வழி. ஜாதவ்பூர், பிஜய்கர் பக்கத்து அகதிக் காலனிகள் ஈஸ்ட் பெங்கால் கோட்டை. வடக்கே பாக்பஜார், ஷ்யாம்பஜார் பக்கம் பச்சை-மெரூன். இல்லையென்றால் நம்மாட்களை வைத்தும் முடிவெடுக்கலாம், அது கொஞ்சம் கௌரவமான காரணம்.

ஈஸ்ட் பெங்கால் என்றால் கையில் பெரிய சீட்டு இருக்கிறது. 1949 முதல் 1953 வரை அந்த அணியின் முன்வரிசை ஐந்து பேரை 'பஞ்ச பாண்டவர்' என்றார்கள்: அப்பாராவ், வெங்கடேஷ், தன்ராஜ், அகமது கான், சாலே. ஐந்து பேரும் தென்னிந்தியர்கள். வங்காளத்தின் பெருமை என்று கொண்டாடுகிற அணியின் பொற்காலத்தை நம் பக்கத்து ஆட்கள் சமைத்தார்கள் என்று மெதுவாகப் போட்டுப் பாருங்கள். கிழவர்கள் கண்ணை மூடிக்கொண்டு ஐந்து பெயரையும் வரிசையாகச் சொல்வார்கள். இந்தக் காலத்துக்கு வந்தால் சென்னைப் பையன் நந்தகுமார் சேகர். வரிசையாக எட்டு டெர்பி தோற்றுத் தலைகுனிந்து கிடந்த ஈஸ்ட் பெங்காலுக்கு 2023 ஆகஸ்ட் 12 அன்று டூரண்ட் கோப்பையில் ஒரே கோலடித்து 1-0 என்று ஜெயிக்க வைத்தவர். "நான் நந்தாவின் ஊர்" என்று சொன்னால் அன்றைக்கு உங்கள் டீக்குக் காசு வாங்க மாட்டார்கள்.

ஆனால் எதிர்ப் பக்கத்துக்காரர் ஒருவர் சும்மா இருக்க மாட்டார். "அதே கோப்பையின் ஃபைனல் என்ன ஆச்சு?" என்பார். செப்டம்பர் 3-ஆம் தேதி, அதே மைதானத்தில், மோகன் பகான் பத்துப் பேரோடு ஆடி 1-0 என்று கோப்பையைத் தூக்கியது. சிரித்துக்கொண்டே தலையாட்டுங்கள். மோகன் பகான் பக்கம் சாய்ந்தவர்களுக்கும் ஆள் உண்டு: 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் இருந்த அருமைநாயகம் மோகன் பகான்காரர். அந்த அணியின் கேப்டன் சூனி கோஸ்வாமி வாழ்நாள் முழுக்க மோகன் பகான் தவிர வேறு கிளப்புக்கு ஆடாதவர்.

பேச்சு தளர்ந்தால் ஒரு கேள்வி எப்போதும் கைகொடுக்கும்: வந்த வெளிநாட்டுக்காரர்களில் யார் பெரிய ஆள்? ஈஸ்ட் பெங்கால் பக்கம் 1980-இல் வந்த ஈரான்காரர் மஜீத் பஸ்கர் என்பார்கள். மோகன் பகான் பக்கம் பிரேசில்காரர் பரெட்டோ. கேட்டுவிட்டு நீங்கள் டீயைக் குடிக்கலாம்.

கிண்டலுக்கு அளவு

கிண்டல் இல்லாமல் அட்டா கிடையாது. ஆனால் எது சிரிப்பு, எது காயம் என்று தெரிந்திருக்க வேண்டும். மோகன் பகான்காரரை 'மாச்சா' என்றும் ஈஸ்ட் பெங்கால்காரரை 'லோட்டா' என்றும் பரஸ்பரம் திட்டிக்கொள்வார்கள். அவர்களுக்குள் அது செல்லும். வெளியூர்க்காரர் வாயில் அது நன்றாக இருக்காது. சென்னைப் பழக்கத்தில் தோளில் தட்டி யாரையும் 'மச்சா' என்று கூப்பிடாதீர்கள், அந்த வேடிக்கையை விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். முள்வேலி என்ற வார்த்தையும் வேண்டாம். எல்லை தாண்டி வந்தவர்களைக் குத்த அதைச் சொல்வார்கள். எந்தத் தாத்தா அதைத் தாண்டி வந்தார் என்பது உங்களுக்குத் தெரியாது.

அளவு மீறினால் என்ன ஆகும் என்பதற்கு அவர்களே சொல்லும் கதை ஒன்று உண்டு. 1997 ஜூலை 13, ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதி. மோகன் பகான் பயிற்சியாளர் அமல் தத்தா 'டயமண்ட்' என்ற ஆட்ட முறையால் எல்லோரையும் துவம்சம் செய்துகொண்டிருந்தார். வாய் கொஞ்சம் நீளம். போட்டிக்கு முன்னால் ஈஸ்ட் பெங்கால் ஆட்டக்காரர்களை வரிசையாகக் கிண்டலடித்தார்: பைச்சுங் பூட்டியாவை 'சுங்சுங்', ஒமோலோவை 'ஆம்லெட்', சோசோவை 'ஷோஷா', அதாவது வெள்ளரிக்காய். எதிர்ப்பக்கம் பி.கே. பானர்ஜி இவற்றையெல்லாம் தன் பையன்கள் காதில் நன்றாக ஓதினார். சால்ட் லேக் மைதானத்தில் அன்று கூடியவர்கள் 1,31,781 பேர். ஈஸ்ட் பெங்கால் 4-1. பூட்டியா ஹாட்ரிக். இன்றைக்கும் பெஞ்சில் யாராவது ஓவராகப் பேசினால், ஒருவர் கடைக்காரரைப் பார்த்து "தாதா, ஒரு ஆம்லெட்" என்பார். இனிமேல் உங்களுக்கும் சிரிப்பு வரும்.

கிண்டலே கூடாத தேதி ஒன்று இருக்கிறது. 1980 ஆகஸ்ட் 16, ஈடன் கார்டன்ஸ். டெர்பியின்போது கேலரியில் மூண்ட கலவரத்திலும் நெரிசலிலும் 16 ரசிகர்கள் செத்துப்போனார்கள். அவர்கள் நினைவாக ஒவ்வொரு வருஷமும் அன்று ரத்ததான முகாம் நடக்கும். புதிதாக வந்தவர் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வரலாம். அந்த வரிசையில் பக்கத்தில் நிற்பவரோடு ஆரம்பிக்கும் பேச்சு டீக்கடைப் பேச்சைவிட நீளமாகப் போகும்.

பாட்டுக்குப் பேச்சு தாவும்போது

தானாகத் தாவும், நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். 1971-இல் வந்த ஒரு நகைச்சுவைப் படத்தில் மன்னா டே பாடிய பாட்டு, எல்லா விளையாட்டிலும் சிறந்தது வங்காளியின் கால்பந்துதான் என்று போகும். யாராவது அதை முணுமுணுத்தால் மேஜையில் தாளம் போடுங்கள். மன்னா டே தீவிர மோகன் பகான்காரர். எதிர்ப்பக்கம் இசையமைப்பாளர் எஸ்.டி. பர்மன்: கொமில்லாவில் பிறந்தவர், பம்பாயில் வாழ்ந்தும் ஈஸ்ட் பெங்கால் மேல் உயிர். 1975 செப்டம்பர் 30-இல் ஷீல்டு ஃபைனலில் ஈஸ்ட் பெங்கால் 5-0 என்று மோகன் பகானை நொறுக்கியபோது அவர் நினைவிழந்து படுத்திருந்தார், செய்தியைக் காதில் சொன்னதும் கண் திறந்தார் என்று ஒரு கதை உண்டு. ஒரு மாதத்தில் இறந்துபோனார். கதையில் எவ்வளவு மிகை என்று ஆராயாதீர்கள், கேளுங்கள்.

உங்கள் முறை வரும்போது இளையராஜாவையும் ரஹ்மானையும் உடனே இறக்காதீர்கள். அவர்களுக்கு அது தெரிந்த விஷயம். வங்காள இசையமைப்பாளர் சலீல் சௌத்ரியிலிருந்து ஆரம்பியுங்கள். பாலு மகேந்திராவின் 'அழியாத கோலங்கள்' படத்துக்கு 1979-இல் இசையமைத்தவர் அவர்தான். போனில் அந்தப் படத்துப் பாட்டைப் போட்டுக் காட்டினால், தங்கள் வீட்டுப் பையன் தமிழ் பேசுவதைக் கேட்டது போல முகம் மலரும்.

வியாபாரம்: யார் முதலாளி?

வங்காளிகளுக்கு வியாபாரப் பேச்சில் ஆர்வம் இல்லை என்று ஒரு தப்பான பெயர் உண்டு. கிளப்பின் முதலீட்டாளர் யார் என்று கேட்டுப் பாருங்கள். ஒப்பந்தத்தின் ஷரத்து வரை பேசுவார்கள்.

பழைய வேடிக்கையிலிருந்து தொடங்குவது நல்லது. 1998-இல் விஜய் மல்லையாவின் யுனைடெட் புரூவரிஸ் இரண்டு கிளப்புக்குமே ஸ்பான்சர் ஆனது. ஒரு பக்கம் மெக்டவல் மோகன் பகான், மறுபக்கம் கிங்ஃபிஷர் ஈஸ்ட் பெங்கால். சண்டை போட்ட இரண்டு பேருக்கும் ஒரே பாக்கெட்டிலிருந்து சம்பளம்.

அடுத்தது இன்னும் ஆறாத விஷயம். 2020-இல் சஞ்சீவ் கோயங்காவின் குழுமம் மோகன் பகான் கால்பந்துப் பிரிவில் 80 சதவீதம் வாங்கியது. ஐஎஸ்எல் எனப்படும் இந்தியன் சூப்பர் லீக்கில் அவரிடம் ஏற்கெனவே இருந்த ஏடிகே என்ற அணியை அதனோடு இணைத்து 'ஏடிகே மோகன் பகான்' என்று பெயர் வைத்தார்கள். நூற்று முப்பது வருஷப் பெயருக்கு முன்னால் மூன்று எழுத்தா என்று ரசிகர்கள் கொதித்தார்கள். 'ஏடிகேவை எடு' என்று பேனர் பிடித்தார்கள், மைதானத்துக்குப் போக மறுத்தார்கள். 2023 மார்ச்சில் கோவாவில் ஐஎஸ்எல் கோப்பையை ஜெயித்த ராத்திரியே கோயங்கா பெயரை மாற்றுவதாக அறிவித்தார்: மோகன் பகான் சூப்பர் ஜயன்ட். பணம் போட்டவரைப் பெயர் மாற்ற வைத்த ரசிகர்கள் இந்தியாவில் வேறு எங்கே இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்த மோகன் பகான்காரர்கள் எல்லோரும் ஒரே வாக்கியத்தில் கேட்பார்கள். அந்த 'சூப்பர் ஜயன்ட்' அவருடைய லக்னோ ஐபிஎல் அணியின் வால்தானே என்று ஈஸ்ட் பெங்கால்காரர் கேட்பார். நீங்கள் இதைக் கேட்காதீர்கள், அவர் கேட்பார்.

ஈஸ்ட் பெங்கால் கதை வேறு மாதிரி. 2018-இல் குவெஸ், 2020-இல் ஸ்ரீ சிமென்ட், 2022-இல் இமாமி என்று முதலீட்டாளர்கள் மாறிக்கொண்டே வந்தார்கள். 2021 ஜூலையில் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட கிளப் நிர்வாகிகள் மறுத்தபோது, ரசிகர்கள் கிளப் வாசலிலேயே போராடினார்கள். போலீஸ் தடியடி நடந்தது. இதைப் பேசும்போது குரல் உயரும். முதலீட்டாளர் பக்கமா நிர்வாகிகள் பக்கமா என்று உங்களைக் கேட்டால், "உறுப்பினர்களுக்கு எவ்வளவு பங்கு இருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?" என்று திருப்பிக் கேளுங்கள். உண்மையான கேள்வியே அதுதான்.

அரசியல்

இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. முதல் மூன்று வாரம் இந்தப் பேச்சில் வாயைத் திறக்காதீர்கள். யாருக்கு ஓட்டு என்று ஒருபோதும் கேட்காதீர்கள். அங்கே கட்சிப் பிரிவும் கிளப் பிரிவும் ஒன்றாகப் போவதில்லை; ஒரே பெஞ்சில் ஒரே கிளப்புக்குக் கத்துகிறவர்கள் மூன்று கட்சியில் இருப்பார்கள்.

ஆட்டக்காரர்களே அரசியலுக்குப் போகிற ஊர் அது. மோகன் பகானில் கொடிகட்டிப் பறந்த பிரசூன் பானர்ஜி திரிணமூல் சார்பில் ஹவுரா எம்பி. பூட்டியா 2014-இல் அதே கட்சிக்காக டார்ஜிலிங்கில் நின்று தோற்றார். இரண்டு கிளப்புக்கும் கோல்கீப்பராக இருந்த கல்யாண் சௌபே பாஜகவில் சேர்ந்தார். 2022-இல் அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத் தலைவர் தேர்தலில் பூட்டியாவை 33-1 என்று வீழ்த்தினார். அந்த ஒரு ஓட்டைப் பற்றி ஒரு சாயங்காலம் முழுக்கப் பேச முடியும். பாட்டுக்காரர்களும் விதிவிலக்கில்லை. 1990-களில் கித்தாரும் கையுமாக வந்து வங்கப் பாட்டைப் புரட்டிப் போட்ட கபீர் சுமன் 2009-இல் ஜாதவ்பூர் எம்பி ஆனார்.

இரண்டு சம்பவங்களை மட்டும் சரியாகத் தெரிந்துகொண்டு போங்கள். ஒன்று, 2020 ஜனவரி 19 டெர்பி. குடியுரிமைச் சட்டமும் குடிமக்கள் பதிவேடும் நாட்டையே உலுக்கிக்கொண்டிருந்த நேரம். ஈஸ்ட் பெங்கால் கேலரியில் மிகப்பெரிய பேனர் இறங்கியது: ரத்தம் கொடுத்து வாங்கிய மண், காகிதம் கொடுத்து வாங்கியதில்லை. அகதிகளின் பேரப்பிள்ளைகள் எழுதியது அது. ஆட்டத்தில் 2-1 என்று தோற்றார்கள், அந்த ஸ்கோர் நிறையப் பேருக்கு நினைவில்லை, பேனர் நினைவிருக்கிறது.

இன்னொன்று 2024 ஆகஸ்ட். ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர் ஒருவர் பாலியல் வன்கொடுமை செய்யப்பட்டுக் கொல்லப்பட்டார். ஊரே தெருவில் இருந்தது. 18-ஆம் தேதி நடக்க வேண்டிய டூரண்ட் டெர்பியைப் பாதுகாப்புக் காரணம் சொல்லி ரத்து செய்தார்கள். ஆட்டம் இல்லையென்றாலும் மூன்று கிளப் ரசிகர்களும் கொடியோடு சால்ட் லேக் மைதானத்துக்கு வெளியே கூடினார்கள். மோகன் பகான் கேப்டன் சுபாஷிஷ் போஸும் வந்தார். போலீஸ் தடியடி நடத்தியது. அன்று எழுந்த கோஷத்தைத் தமிழில் சொன்னால், பாங்கால்-கொட்டி ஒண்ணாச்சு, ஹவாய் செருப்பு பயந்தாச்சு. அப்போதைய முதல்வர் எப்போதும் ஹவாய் செருப்புதான் போடுவார். இந்தக் கோஷத்தை பெஞ்சில் நீங்களாக எடுத்துவிட வேண்டாம். அங்கே இருந்தீர்களா என்று மட்டும் கேளுங்கள். இருந்தவர் சொல்ல ஆரம்பித்தால் நடுவில் பேசாதீர்கள்.

மைதானத்துக்குப் போகும் நாள்

டெர்பியில் தொடங்காதீர்கள். மழைக்காலத்தில் கல்கத்தா லீக் நடக்கும், 1898-இல் தொடங்கிய லீக். எஸ்பிளனேட் மெட்ரோவில் இறங்கி மைதான் பக்கம் நடந்தால் கிளப் மைதானங்கள் வந்துவிடும். கிளப் அலுவலகங்களை அங்கே 'டென்ட்' என்பார்கள். கேன்டீன் திறந்திருந்தால் ஸ்டூவும் டோஸ்டும் கேளுங்கள், கேரட்டும் உருளைக்கிழங்கும் போட்டு மிளகு தூவிய தண்ணியான கோழி ஸ்டூ. சேறு தெறிக்கிற தூரத்தில் உட்கார்ந்து பார்க்கும் ஆட்டம் டிவியில் கிடைக்காது.

டெர்பிக்கு சால்ட் லேக். கிரீன் லைன் மெட்ரோவில் அதே பெயரில் ஸ்டேஷன் இருக்கிறது, இப்போது ஹவுராவிலிருந்தே நேராகப் போகலாம். டிக்கெட்டில் எந்தப் பக்கத்து கேலரி, எந்த கேட் என்று பார்த்து வாங்குங்கள். சட்டை நிறத்தையும் யோசித்துப் போடுங்கள். வீட்டில் இருக்கிற மஞ்சள் டி-ஷர்ட் என்று எடுத்து மாட்டிக்கொண்டு பச்சை-மெரூன் கேலரியில் போய் உட்கார்ந்தால் தொண்ணூறு நிமிஷமும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். தண்ணீர் பாட்டில் உள்ளே விடமாட்டார்கள். முடிந்ததும் உடனே மெட்ரோவுக்கு ஓடாமல் அரை மணி நேரம் கழித்துக் கிளம்புங்கள்.

மறுநாள் சாயங்காலம் டீக்கடைக்குப் போவது கட்டாயம். ஜெயித்திருந்தால் நீங்கள் போகாவிட்டாலும் பரவாயில்லை. தோற்றிருந்தால் போயே ஆக வேண்டும், முன்னாடியே போய் உட்கார்ந்து, எல்லோருக்கும் டீ நீங்களே சொல்லிவிடுங்கள்.